அமோன் அமார்த்தின் ‘ஜோம்ஸ்வைக்கிங்’: வெறும் உறுமலா, கதை உண்டா, அந்தக் கதை நிஜமா?

கேள்வி இதுதான்: “நண்பர் ஒருவர் அமோன் அமார்த் பேண்டின் ‘ஜோம்ஸ்வைக்கிங்’ ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார். முதல் பாட்டில் அந்தக் குரல் வந்ததுமே நிறுத்திவிட்டேன். இதில் ஒரு முழுக்கதை இருக்கிறது என்கிறார்களே, அது வரலாறா கற்பனையா? மெட்டல் பழக்கமில்லாதவன் இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டுமா?”

கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று உலகத்தில் எந்த ஆல்பமும் கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அரை நிமிடத்தில் நிறுத்தியது கொஞ்சம் அவசரம். முதல் பாட்டின் முதல் வரியிலேயே ஒரு கொலை நடந்து முடிந்துவிடுகிறது, நீங்கள் கொலையைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்காமல் எழுந்து போயிருக்கிறீர்கள். மெட்டல் கேட்கும் ஆட்களிலேயே பாதிப்பேர் இந்த ஆல்பத்தை “கொம்புக் குவளையைத் தூக்கிக் குடிக்கிற பாட்டு இருக்கே, அதுதானே” என்று அந்த ஒரு பாட்டோடு முடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இது ஒரு காதல் தோல்விக் கதை. வாள், கப்பல், ரத்தம் எல்லாம் அதைச் சுற்றிப் போட்ட பந்தல்.

பேண்டைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே தும்பா என்ற புறநகரில் 1992-இல் தொடங்கினார்கள். பெயருக்கும் வைக்கிங்குகளுக்கும், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடி வீரர்களுக்கும், சம்பந்தமே இல்லை, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் தன் கதையுலகத்துக்காக உருவாக்கிய எல்ஃப் மொழியில், அந்தக் கதையில் வரும் ‘மவுண்ட் டூம்’ என்ற நெருப்பு மலைக்கு ‘அமோன் அமார்த்’ என்று பெயர், அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பாடுவது யோஹன் ஹெக், தாடியும் இடுப்பில் தொங்கும் கொம்புக் குவளையுமாக இருக்கும் பெரிய மனிதர். கிட்டார் இரண்டு: ஓலவி மிக்கோனென், யோஹன் சோடர்பெரி. பேஸ் கிட்டார் டெட் லுண்ட்ஸ்ட்ரோம். 1998-இல் முதல் முழு ஆல்பம், ‘ஜோம்ஸ்வைக்கிங்’ 2016 மார்ச் 25 அன்று வந்த பத்தாவது. நார்ஸ் புராணமும் (பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வக் கதைகள்) வைக்கிங் சண்டையும் அவர்கள் எல்லா ஆல்பத்திலும் உண்டு. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆளின் கதையாக எழுதியது இதுதான் முதல் தடவை.

இனி அந்தக் குரல். உங்களை விரட்டியது அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இவர்கள் வாசிப்பது ‘மெலோடிக் டெத் மெட்டல்’, அதாவது டெத் மெட்டல் என்ற முரட்டு மெட்டல் வகையில் மெட்டுக்கும் இடம் கொடுக்கிற பிரிவு. டெத் மெட்டலில் பாடகர் சுருதி பிடித்துப் பாடுவதில்லை, உறுமுகிறார். கேட்பவருக்குத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்துவதுபோல் இருக்கும், உண்மையில் அப்படிக் கத்தினால் இரண்டு கச்சேரியில் குரல் போய்விடும். வயிற்றிலிருந்து காற்றை அளவாக மேலே தள்ளி, குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் இன்னொரு மடிப்பை அதிரவிட்டு அந்தக் கரகரப்பை எடுக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி இல்லாமல் வராது. இந்த வகையில் பாடுகிற பலர் என்ன வார்த்தை சொல்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியுமா என்று சந்தேகம் வரும். ஹெக் அப்படியில்லை. வார்த்தைக்கு வார்த்தை தெளிவாக விழும், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பாட்டு கேளுங்கள், நான்காவது பாட்டில் தாள் தேவைப்படாது. தூரத்து ஊர்க்காரர் ஒருவரோடு பழகும்போது முதல் அரைமணி நேரம் அவர் பேச்சு புரியாது, அப்புறம் எப்போது புரிய ஆரம்பித்தது என்றே தெரியாமல் புரியும் இல்லையா, அதே மாதிரி.

சரி, பெயரில் இருக்கும் அந்த ‘மெலோடிக்’ எங்கே இருக்கிறது? பாட்டை விட்டுவிட்டுக் கிட்டாரைக் கவனியுங்கள். குரல் ஒரே உறுமலாக இருப்பதால் மெட்டு முழுவதையும் கிட்டார்கள்தான் சுமக்கின்றன. வலது கை ஒரே தந்தியில் அதிவேகமாக, இடைவெளியே இல்லாமல் மீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் இடது கை விரல்கள் மெதுவாக நகரும். வலது கை ஓடுகிறது, இடது கை நடக்கிறது. அதனால் டிரம்ஸ் எவ்வளவு வேகமாக இடித்தாலும் மேலே மிதக்கும் மெட்டு மெதுவானதாக, நாட்டுப்புறப் பாட்டு மாதிரி, முணுமுணுக்கக்கூடியதாக இருக்கும். இரண்டாவது கிட்டார் அதே மெட்டை இரண்டு சுரம் தள்ளிக் கூடவே வாசிக்கும். இந்த இரட்டைக் கிட்டார் பழக்கம் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் பேண்ட் வழியாக வந்த சொத்து. கிட்டார்களை வழக்கமான சுருதியிலிருந்து வெகுவாக இறக்கிக் கட்டியிருப்பதால் அந்த அடிநாதம் ஒரு கனத்தோடு வரும். ஒரு சோதனை செய்து பாருங்கள்: இந்த ஆல்பத்தில் ஏதாவது ஒரு பாட்டின் கிட்டார் மெட்டை மட்டும் வாயால் ஹம் செய்யுங்கள். அது ஏதோ சோகமான மாலுமிப் பாட்டு என்றுதான் வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

இந்தப் பாணி 1990களின் நடுவில் ஸ்வீடனின் யோத்தபோரி நகரத்தில் உருவானது, அட் தி கேட்ஸ், இன் ஃப்ளேம்ஸ், டார்க் ட்ரான்குவிலிட்டி என்ற மூன்று பெயரை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஸ்டாக்ஹோம் பக்கம் அதே காலத்தில் என்டூம்ட், டிஸ்மெம்பர் போன்றவர்கள் மர அறுவை இயந்திரம் மாதிரி ஒரு கரடுமுரடான கிட்டார் ஒலி வைத்திருந்தார்கள். அமோன் அமார்த் ஊரால் ஸ்டாக்ஹோம் பக்கம், மெட்டால் யோத்தபோரி பக்கம். சிலர் இவர்களை ‘வைக்கிங் மெட்டல்’ என்று எழுதுவார்கள், அது பாத்தோரி என்ற ஸ்வீடன் பேண்ட் 1988, 1990 வாக்கில் தொடங்கி வைத்த வேறு மரபு, இழுவையான, கோரஸ் நிறைந்த பாட்டுகள். இவர்கள் எழுதும் விஷயம்தான் வைக்கிங், வாசிப்பது மெலோடிக் டெத் மெட்டல். இந்த வித்தியாசத்துக்காக இரவு இரண்டு மணி வரை சண்டை போடுகிறவர்களை எனக்குத் தெரியும், நான் அதில் இல்லை. இப்போது இல்லை.

ஆல்பம் உருவான சமயத்தில் பேண்டுக்குள் ஒரு சிக்கல். 1998-லிருந்து டிரம்ஸ் வாசித்த ஃப்ரெட்ரிக் ஆண்டர்சன் 2015-இல் விலகிவிட்டார். பதிவுக்கு மட்டும் வாமிட்டரி என்ற பேண்டிலிருந்து டோபியாஸ் குஸ்டாஃப்சன் வந்து வாசித்துக் கொடுத்தார், ஆல்பம் வந்த பிறகு யோக்கே வால்க்ரென் நிரந்தரமாகச் சேர்ந்தார். தயாரிப்பு இங்கிலாந்துக்காரர் ஆண்டி ஸ்னீப், முந்தைய ஆல்பமும் அவர் கைவண்ணமே. அவர் வேலை எப்போதும் துடைத்து வைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருக்கும், அது சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

கதைக்கு வருவோம். பதினொரு பாட்டு, சுமார் ஐம்பது நிமிடம். முதல் பாட்டு ‘ஃபர்ஸ்ட் கில்’. யார்ல் என்றால் அந்த ஊர் தலைவன், சிற்றரசன் மாதிரி. அந்த யார்லின் வலதுகையாக இருப்பவன் கதாநாயகனின் காதலியைக் கொண்டுபோக வருகிறான். இவன் வந்தவனின் வாளையே பிடுங்கி அவன் தொண்டையில் இறக்கிவிடுகிறான். பிறகு ஊரை விட்டு ஓட்டம். கவனியுங்கள், வைக்கிங் ஆல்பம் என்றால் வீரன் கப்பலில் நின்று கர்ஜிப்பதில் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம், இங்கே ஒருவன் பயத்திலும் ஆத்திரத்திலும் செய்த கொலையோடு, வீடிழந்தவனாகத் தொடங்குகிறது. ‘வாண்டரர்’ அந்த அலைச்சல், வேகம் குறைந்த, கால் இழுத்து நடக்கிற மாதிரியான பாட்டு. அப்புறம் கடல்வழிச் சண்டைகள், ‘ஆன் எ சீ ஆஃப் ப்ளட்’, ‘ஒன் அகெய்ன்ஸ்ட் ஆல்’. இரண்டுமே நன்றாக வாசித்த பாட்டுகள், இரண்டும் கதையை நகர்த்துவதில்லை.

ஐந்தாவதுதான் அந்தக் குடிப்பாட்டு, ‘ரெய்ஸ் யுவர் ஹார்ன்ஸ்’. மாண்டவர்களை நினைத்துக் கொம்பைத் தூக்கு என்பதுதான் பல்லவி. இதைக் கேலி செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இது குடிவெறிப் பாட்டு இல்லை, செத்துப்போன தோழர்களுக்கான விருந்துப் பாட்டு. அந்தச் சமூகத்தில் நினைவுச் சடங்கும் குடியும் ஒன்றாகத்தான் நடந்தன, இதைப் பற்றி கீழே ஒரு விஷயம் சொல்கிறேன். ‘தி வே ஆஃப் வைக்கிங்ஸ்’ வீரர் இருவர் மோதும் களப்பாட்டு, தலையாட்ட உகந்தது. ‘ஒன் தவுசண்ட் பர்னிங் ஏரோஸ்’ ஆல்பத்தின் நடுமூச்சு: ஒரு தலைவனின் பிணத்தைக் கப்பலில் வைத்து அனுப்பும் ஈமக்காட்சி, மெதுவான மெட்டு, இங்கேதான் ஹெக் உறுமிக்கொண்டே துக்கப்படவும் முடியும் என்று காட்டுகிறார். பிறகு ‘வெஞ்சன்ஸ் இஸ் மை நேம்’, பழி தீர்க்க ஊர் திரும்புகிறான். பெயரே போதும், உள்ளே வேறு ரகசியம் எதுவும் இல்லை.

பத்தாவது பாட்டுதான் என் பார்வையில் இந்த ஆல்பம்.

‘எ ட்ரீம் தட் கேனாட் பி’. ஒன்பது பாட்டாக ஒருவன் ஒரு பெண்ணின் நினைப்பில் உயிர் வைத்திருக்கிறான். கொன்றான், ஓடினான், கூலிப்படையில் சேர்ந்தான், திரும்பி வந்து பகை முடித்தான், எல்லாம் அவளுக்காக. அவள் முன்னால் போய் நிற்கிறான். இவ்வளவு நேரமும் அவள் பேசவே இல்லை என்பது நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவள் வாயைத் திறக்கிறாள், அது டோரோ பெஷ்ஷின் குரல், 1980களில் வார்லாக் என்ற ஜெர்மானிய பேண்டில் பாடிப் பெயர் வாங்கியவர். ஆல்பத்தில் முதல் தடவையாக உறுமாத ஒரு குரல், சுருதியோடு, உரத்து. அவள் சொல்வது: முடியாது. அவனைக் காக்கவைத்து, அழுது, கடைசியில் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அவளுக்கு அவள் வாழ்க்கை இருக்கிறது, இவன் மனதில் சுமந்து திரிந்த பெண் இவன் மனதில் மட்டும்தான் இருந்தாள்.

இதில் இசை செய்கிற வேலையைக் கவனிக்கவேண்டும். அவன் உறுமலில் பேசுகிறான், அவள் பாட்டில் பதில் சொல்கிறாள். ஒரே மேடையில் இரண்டு பாஷை. இவ்வளவு காலம் வாளோடு அலைந்ததில் அவன் குரல் இப்படி ஆகிவிட்டது, அவளோ பழைய குரலிலேயே இருக்கிறாள் என்று நான் கேட்கிறேன், எழுதியவர்கள் அப்படி யோசித்தார்களா என்பது வேறு விஷயம். டெத் மெட்டலில் பெண் குரல் என்றால் பெரும்பாலும் பின்னணியில் தேவதை மாதிரி ஆலாபனை போட்டுவிட்டுப் போகும். இங்கே அவள் கதையையே திருப்பிவிட்டுப் போகிறாள். அடுத்த பாட்டு ‘பேக் ஆன் நார்தர்ன் ஷோர்ஸ்’, ஏழு நிமிடத்துக்கு நீளும் கடைசிப் போர். திரும்பிப் போக வீடும் இல்லை, காத்திருக்க ஆளும் இல்லை என்றான ஒருவன் போகிற போர் அது. பத்தாவது பாட்டு இல்லாமல் அதைத் தனியாகக் கேட்டால் நல்ல சண்டைப் பாட்டு, அவ்வளவுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நிஜமா என்பது. ‘ஜோம்’ என்று இங்கிலீஷ்காரர் மாதிரி சொல்கிறோம், ஊர்க்காரர்கள் ‘யோம்’ என்பார்கள். யோம்ஸ்வைக்கிங்குகள் என்பது ஒரு கூலிப்படைச் சகோதரக் கூட்டம். பால்டிக் கடலின் தென்கரையில் யோம்ஸ்போர்க் என்ற கோட்டையில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. கதாநாயகன் சேருவது இந்தக் கூட்டத்தில்தான். இவர்களைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்க காலத்து ஐஸ்லாந்துச் சரிதை ஒன்று இருக்கிறது, பேர் ‘யோம்ஸ்வைக்கிங்க சாகா’. நடந்ததாகச் சொல்வது 10-ஆம் நூற்றாண்டு, எழுதியது அதற்கு இருநூறு வருடம் கழித்து, அதுவும் வேறு நாட்டில். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்கவேண்டும்.

அந்தக் கோட்டையின் சட்டங்கள் சாகாவில் வரிசையாக வருகின்றன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவனுக்கும் ஐம்பதுக்கு மேற்பட்டவனுக்கும் இடமில்லை. தனக்குச் சமமான ஆளுக்கு முன்னால் புறமுதுகு காட்டக் கூடாது. ஒருவன் செத்தால் மற்றவன் உடன்பிறந்தவன்போல் பழி வாங்கவேண்டும். நிலைமை எவ்வளவு மோசமானாலும் பயம் தெரிகிற வார்த்தை வாயில் வரக்கூடாது. கொள்ளையில் கிடைத்தது சின்னதோ பெரியதோ பொதுவில் வைத்துப் பங்கு. மூன்று நாளுக்கு மேல் கோட்டைக்கு வெளியே தங்கக் கூடாது. கோட்டைக்குள் பெண்கள் வரக்கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தை ஆல்பத்தோடு சேர்த்து யோசியுங்கள், ஒரு பெண்ணின் நினைப்போடு ஓடி வந்தவன் பெண் வாசனையே இல்லாத கோட்டையில் போய் ஒளிகிறான். ஹெக் இந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

யோம்ஸ்போர்க் எங்கே என்று கேட்டால், ஓடர் ஆற்று முகத்துவாரத்தில் இப்போதைய போலந்தின் வோலின் நகரம் என்றுதான் பெரும்பாலோர் கைகாட்டுவார்கள். பிரெமனைச் சேர்ந்த ஆதாம் என்ற பாதிரியார் 1070களில் எழுதும்போது அந்த இடத்து நகரத்தை ஐரோப்பாவிலேயே பெரியது என்று புகழ்கிறார், கொஞ்சம் கூடுதலான புகழ்ச்சிதான், ஆனால் அகழாய்வில் அங்கே பெரிய வணிக நகரம் ஒன்று இருந்தது உறுதிதான். ஸ்லாவ் மக்கள், ஸ்காண்டிநேவியர் எல்லோரும் கலந்து வாழ்ந்த துறைமுகம். ஆண்கள் மட்டும் வாழ்ந்த இரும்புக்கதவுக் கோட்டைக்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. ஆக, அந்தக் கரையில் போர்க்குழுக்கள் இருந்திருப்பார்கள், சட்டத்திட்டம் எல்லாம் ஐஸ்லாந்துக் கதைசொல்லிகள் மெருகேற்றியது என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

சாகாவின் உச்சக்கட்டத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, ஆல்பம் பிடிக்காவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டென்மார்க் அரசன் ஸ்வெய்ன் ஒரு நினைவு விருந்து நடத்துகிறான், யோம்ஸ்வைக்கிங் தலைவன் சிக்வால்டியின் தகப்பன் இறந்ததற்காக. மேலே சொன்னேனே, நினைவும் குடியும் ஒன்று என்று, அது இந்தக் காட்சி. இவர்களுக்கு மட்டும் கடுமையான மதுவாக ஊற்றிக்கொடுத்து, போதை ஏறியதும் ஆளுக்கொரு வஞ்சினம் சொல்லலாமே என்று தூண்டிவிடுகிறான். சிக்வால்டி எழுந்து நார்வேயை ஆளும் ஹாகோன் யார்லைக் கொல்வேன் அல்லது விரட்டுவேன் என்கிறான். வாக்ன் என்ற இளைஞன், நானும் வருவேன், தோர்கெல் லெய்ரா என்பவனைக் கொன்று அவன் மகள் இங்கிபியோர்க்கை அடையாமல் திரும்பமாட்டேன் என்கிறான். காலையில் போதை தெளிந்ததும் தலையில் கைவைத்து உட்காருகிறார்கள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

986 வாக்கில் என்று சொல்லப்படும் அந்தப் போர் நார்வேயின் மேற்குக் கரையில், ஹியோருங்கவாக் என்ற விரிகுடாவில். நார்வே அரசர்களின் கதையை எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரியின் கணக்கில் இவர்களிடம் 60 கப்பல், ஹாகோன் பக்கம் 180. அப்படியும் இவர்கள் கை ஓங்குகிறது. ஹாகோன் கரையேறிப் போய்த் தன் சின்ன மகனையே பலி கொடுத்துத் தன் குலதெய்வத்தை அழைக்கிறான். வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் ஆலங்கட்டி மழை கொட்டுகிறது, ஒரு கட்டி ஓர் அவுன்ஸ் இருந்தது, எடை போட்டுப் பார்த்தார்கள் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதர்களோடு சண்டை போடத்தான் வஞ்சினம் சொன்னேன், பேய்களோடு இல்லை என்று சொல்லிவிட்டு சிக்வால்டி கப்பலைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுகிறான். புறமுதுகு காட்டாதே என்ற சட்டத்தைக் காக்கவேண்டிய தலைவனே! ஆத்திரத்தில் வாக்ன் அவனைக் குறிபார்த்து ஈட்டி எறிகிறான். சிக்வால்டியோ குளிருக்குச் சூடேற்றிக்கொள்ள அந்த நேரம் பார்த்துத் துடுப்புப் போடப் போயிருந்தான், அவன் இடத்தில் நின்ற வேறு ஒருவன் செத்தான்.

தோற்று மாட்டிக்கொண்ட எழுபது யோம்ஸ்வைக்கிங்குகளையும் ஒரு கட்டையில் வரிசையாக உட்காரவைத்து, கால்களை ஒரே கயிற்றில் கட்டி, ஒவ்வொருவராகத் தலையை வெட்டுகிறார்கள். வெட்டுகிறவன் அதே தோர்கெல் லெய்ரா. வெட்டும் முன் ஒவ்வொருவனிடமும் சாவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒருவன் சொல்கிறான்: தலை போன பிறகு மனிதனுக்கு நினைவு இருக்குமா என்று நாங்கள் பலநாள் விவாதித்திருக்கிறோம், என் கையில் இந்தக் கத்தி இருக்கட்டும், நினைவு இருந்தால் தூக்கிக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் கீழே விழும். கத்தி கீழே விழுந்தது. இன்னொருவனுக்குப் பட்டுப்போன்ற நீளமான பொன்னிற முடி. ரத்தக்கறை படாமல் யாராவது என் முடியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறான். யார்லின் ஆள் ஒருவன் வந்து முடியை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்துக்கொள்கிறான். கோடாரி இறங்கும் நேரத்தில் இவன் தலையை வெடுக்கென்று பின்னால் இழுக்க, பிடித்திருந்தவன் கைகள் இரண்டும் துண்டாகின்றன. இவன் எழுந்து, என் முடிக்குள் யாருடைய கை இது என்று கேட்கிறான். யார்லின் மகன் எய்ரிக் சிரித்துவிட்டு உயிர்ப்பிச்சை கொடுத்துவிடுகிறான். வாக்னின் முறை வந்ததும் தோர்கெல் ஆத்திரத்தில் பாய, பக்கத்தில் இருந்தவன் இடையில் புகுந்து தடுக்கிவிட, கோடாரி கயிற்றை அறுத்துவிடுகிறது. வாக்ன் அதே கோடாரியை எடுத்து அவனை முடித்துவிட்டான். கடைசியில் இங்கிபியோர்க்கையும் கல்யாணம் செய்துகொள்கிறான். வஞ்சினம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது.

இதையும் ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாகாவில் போதையில் உளறியவனுக்குப் பெண் கிடைக்கிறாள், அவளிடம் யாரும் விருப்பம் கேட்டதாக எழுதவில்லை. ஆல்பத்தில் உண்மையாக நேசித்தவனுக்குக் கிடைப்பதில்லை, காரணம் அவளிடம் கேட்டுவிட்டார்கள். காதல் கதை ஹெக்கின் கற்பனை, கூட்டமும் கோட்டையும் சாகாவிலிருந்து வந்தவை. சாகாவில் இருக்கும் ஒன்று ஆல்பத்தில் சுத்தமாக இல்லை, அது சிரிப்பு. சாவின் விளிம்பில் உட்கார்ந்து நக்கல் அடிக்கிற அந்தக் கட்டைக் காட்சிக்கு ஒரு பாட்டு வைத்திருக்கலாம். ஹெக் எல்லாவற்றையும் கண்கலங்கி, பல்லைக் கடித்துத்தான் சொல்கிறார்.

வரலாற்றுத் தவறுகள் தேடுகிறவர்களுக்கு இரண்டு போதும். மிதக்கும் கப்பல் மேல் நெருப்பு அம்பு எய்து ஈமச்சடங்கு செய்தார்கள் என்பது நமக்குத் திரைப்படங்கள் கொடுத்த பிம்பம். கப்பலோடு எரித்தது நிஜம்தான், 922-இல் வோல்கா கரையில் அரபுத் தூதர் இப்ன் ஃபத்லான் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார், ஆனால் அங்கே கப்பலைக் கரைக்கு இழுத்து வைத்து, நெருங்கிய உறவினர் பின்பக்கமாக நடந்து போய்க் கொள்ளி வைக்கிறார். இன்னொன்று, இந்த ஆல்பத்தின் சுற்றுப்பயணத்தில் டிரம்ஸையே ஒரு ராட்சதக் கொம்புத் தலைக்கவசத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள். வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டுப் போருக்குப் போனதில்லை, அது 1876-இல் வாக்னரின் ஓப்பராவுக்கு உடை வடிவமைத்த டோப்லர் பரப்பிவிட்ட வேலை. பேண்டுக்கு இது தெரியாமல் இருக்காது, தெரிந்தேதான் செய்கிறார்கள், மேடையில் அது அட்டகாசமாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தீவிர ரசிகர்கள் இந்த ஆல்பத்தைக் குறை சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒலி அளவுக்கு மீறிச் சுத்தம். சில பாட்டுகளில் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள், பழைய ஆல்பங்களில் கேட்டவை மாதிரியே இருக்கும், கோரஸ்கள் பெரிய திருவிழாக் கூட்டம் சேர்ந்து கத்தவென்றே அளவெடுத்துத் தைத்தவை. விற்பனையும் அப்படித்தான், ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 2006-இல் வந்த ‘வித் ஓடன் ஆன் அவர் சைட்’ ஆல்பத்தில் இருந்த முரட்டுத்தனம் இதில் இல்லை. தனித்தனிப் பாட்டாக எடுத்தால் 2008-இன் ‘ட்வைலைட் ஆஃப் தி தண்டர் காட்’ இதைவிட ஒரு படி மேல், அதை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அதில் பத்தாவது பாட்டுக்காக ஒன்பது பாட்டு காத்திருக்கும் வேலை இல்லை.

கேட்கும் முறை பற்றி ஒன்று. நான் இதை முதன்முதலில் வாங்கிப் போனில் ஏற்றியபோது, பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிள் போட்டிருப்பதைக் கவனிக்கவில்லை. தினமும் பஸ்ஸில் போகவர இரண்டு வாரம் கேட்டேன். முதலில் ஈமச்சடங்கு, அடுத்து குடி, அப்புறம் அவள் வேண்டாம் என்கிறாள், அதற்குப் பிறகு இவன் முதல் கொலை செய்கிறான். அவள் மறுத்த கோபத்தில்தான் கொலையே நடக்கிறது என்று நானாக ஒரு கதை கட்டி நண்பர் ஒருவரிடம் அரைமணி நேரம் விளக்கமும் கொடுத்தேன். அவர் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு என் போனை வாங்கி ஒரு பட்டனை அழுத்திக் கொடுத்தார்.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். இன்றைக்கு ‘வாண்டரர்’, ‘ஒன் தவுசண்ட் பர்னிங் ஏரோஸ்’ இரண்டை மட்டும் கேளுங்கள், வேகம் குறைவு, காது பழகும். நாளைக்குப் பாட்டு வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து பதினொன்று வரை, ஹெட்ஃபோனில், ஒரே மூச்சில். ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.